வட்டிக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்

பள்ளியில் நாம் பயிலும் கணக்குகளுள் பல, தேர்வு முடிந்தவுடன் மறந்துபோகின்றன. அதனால் பெரிய நட்டம் ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும், நாம் அதை மறந்தாலும் நம்மை மறப்பதில்லை. அதுதான் வட்டிக் கணக்கு. தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் என்ற உரிமையில், மாணவ நண்பர்களுக்கு இன்று அதைப் பற்றியே சில சொல்ல விரும்புகின்றேன்.

வட்டி என்பது யாது? பிறருடைய பணத்தை நாம் வைத்திருக்கும் காலத்திற்குக் கொடுக்கும் வாடகையே வட்டி. வீட்டு வாடகை பேசும்பொழுது, மாதத்திற்கு எவ்வளவு, எத்தனை அறைகளுக்கு என்றெல்லாம் கேட்கின்றோம். பணத்தின் வாடகையைப் பேசும்பொழுதோ, எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்திட்டு விடுகின்றோம். ஆகவே கடன் வாங்குவோர் மூன்று வினாக்களை மனத்திற் கொள்ளல் வேண்டும். வீதம் எவ்வளவு? அது எந்தக் காலத்திற்கு? எந்தத் தொகையின்மீது?

நம் ஊர்களில் ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’ என்று சொல்வது வழக்கம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்பது அதன் பொருள். வங்கிகள் சொல்லும் வீதமோ ஆண்டுக்கு உரியது. ஒருவர் ‘மூன்று’ என்கிறார். வங்கி ‘பன்னிரண்டு’ என்கிறது. காதுக்கு மூன்று சிறியது. கணக்கிலோ அது ஆண்டுக்கு 36. வங்கி கேட்டதைப்போல் மும்மடங்கு! காலத்தைக் கேளாதவர் சிறிய எண்ணைத் தேடிச் சென்று பெரிய வட்டியில் விழுகின்றார்.

இனித் தண்டல் என்னும் கடனை நோக்குவோம். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் பதினோராம் வகுப்பில் நன்றாகப் படித்துவந்த மாணவன் ஒருவன், ஆண்டின் நடுவே வராமல் நின்றுவிட்டான். அவனுடைய தந்தையார் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். அவரை அழைத்து விசாரித்தேன். 10,000 ரூபாய் என்று பேசி, அதில் 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்திருக்கின்றனர். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்டல் வேண்டும். நடுவே மழை வந்து சில நாள் வியாபாரம் இல்லை. அந்தத் தவணைகளைக் கட்ட இரண்டாவது தண்டல். அதைக் கட்ட மூன்றாவது தண்டல். முடிவில் மகனையே ஒரு கடையில் வேலைக்கு விட்டுவிட்டார். “நூற்றுக்குப் பதினைந்துதானே ஐயா?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

அன்று அவரோடு உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். முதல்நாள் அவரிடம் இருந்த கடன் 8,500 ரூபாய். நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டே வந்து, நூறாம் நாள் ஒன்றும் இல்லாமற் போகின்றது. சராசரியாகப் பார்த்தால், அவர் கடனாக வைத்திருந்தது 4,500 ரூபாயை ஒட்டிய தொகைதான். அதற்கு நூறு நாள் வாடகை 1,500 ரூபாய். அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆண்டுக் கணக்கில் அது 120 சதவிகிதத்தைத் தாண்டுகின்றது! அவர் பதினைந்து என்று எண்ணியிருந்த வட்டி இதுவே.

வீட்டிலிருந்த சிறு நகையைக் கூட்டுறவு வங்கியில் ஈடுவைத்துத் தண்டல்களை அவர் அடைத்தார். பெருவட்டிக் கடனைச் சிறுவட்டிக் கடனாக மாற்றிக்கொள்வது, கடன்பட்டோர் கரையேறும் வழிகளுள் முதன்மையானது. மாணவன் அடுத்த ஆண்டு திரும்பி வந்தான். ஆயினும் போன ஓராண்டு போனதுதானே? கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுப்பதற்கெனத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. சட்டம் துணை நிற்கும். ஆனால் கையெழுத்திடுமுன் கணக்கிட்டுப் பார்க்கும் வேலையைச் சட்டம் நமக்காகச் செய்யாது.

மூன்றாவது வினா, எந்தத் தொகையின்மீது வட்டி என்பது. படித்தவர்களும் இதில்தான் தவறுகின்றனர். 12,000 ரூபாய்க்கு ஒரு பொருளைத் தவணையில் வாங்குகின்றீர்கள். வட்டி 10 சதவிகிதம் என்கின்றனர். ஓராண்டு வட்டி 1,200 ரூபாயைச் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 1,100 ரூபாய் கேட்கின்றனர். கணக்கு நேர்மையானதாகவே தோன்றும். ஆனால் 12,000 ரூபாய்க் கடன் ஓராண்டு முழுதும் உங்களிடம் இருக்கின்றதா? இல்லையே! மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகின்றது. கடைசி மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான் கடன். வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் வாங்கப்படுகின்றது. குறைந்துவரும் அசலின்மீது கணக்கிட்டால், அந்தப் பத்து உண்மையில் 18 சதவிகிதத்தை ஒட்டியதாகும்.

இத்தகைய மயக்கத்தைப் போக்கவே, கடனுக்கு ஆகும் எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வீதமாகக் காட்டும் விவரக் குறிப்பைக் கடன் பெறுவோர்க்குக் கொடுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கைப்பேசிவழிக் கடன்களுக்கு 2022ஆம் ஆண்டிலேயே இவ்விதி வந்தது. அக்குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுப்பவரிடம் கடன் வாங்காதீர்கள்.

கல்லூரியை விட்டு வேலைக்குச் சென்றவுடன் கடன் அட்டை ஒன்று உங்களைத் தேடி வரும். உரிய நாளில் முழுத் தொகையையும் கட்டுவோர்க்கு அது நல்ல பணியாள். ‘குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்’ என்னும் வாசகத்தை நம்புவோர்க்கோ அது கொடிய எசமானன். 20,000 ரூபாய் பாக்கி; அதில் நூற்றுக்கு ஐந்து வீதம் 1,000 ரூபாய் கட்டுகின்றீர்கள் என்று கொள்வோம். வட்டி மாதத்திற்கு 3 சதவிகிதமாயின், கட்டியதில் 600 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 400 ரூபாய்தான். ஒன்றுமே கட்டாது விட்டாலோ, இந்த வீதத்தில் கடன் இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும்.

இதுகாறும் கடன் வாங்குவோர் பக்கம் நின்று பேசினோம். சேமிப்போர் பக்கம் நின்று பார்த்தால், இதே வட்டி நமக்கு ஊழியம் செய்கின்றது. 72 என்னும் எண்ணை ஆண்டு வட்டி வீதத்தால் வகுத்தால், கூட்டுவட்டியில் பணம் ஏறத்தாழ எத்தனை ஆண்டுகளில் இரட்டிக்கும் என்பது கிடைக்கும். 6 சதவிகிதமாயின் 12 ஆண்டுகள். 8 சதவிகிதமாயின் 9 ஆண்டுகள். இருபது வயதில் சேமிக்கத் தொடங்குபவர்க்குக் காலமே பெருஞ்செல்வம்.

இந்தப் பொறுமை இல்லாதவர்களைத் தேடித்தான் பேராசை வணிகர்கள் வருகின்றனர். ‘10,000 ரூபாய் போடுங்கள், மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி’ என்பர். அந்த வட்டியையும் எடுக்காமல் விட்டுவைத்தால், ஐந்தாண்டுகளில் பத்தாயிரம் ரூபாய் 30 இலட்சத்திற்கு மேலாகப் பெருகல் வேண்டும். எந்த நேர்மையான தொழில் இவ்வாறு விளைவிக்கும்? அத்தகைய தொழில் ஒருவனிடம் உண்மையில் இருக்குமாயின், அவன் ஏன் நம்முடைய பத்தாயிரத்திற்காக வீடு தேடி வருகின்றான்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1920ஆம் ஆண்டில், சார்லஸ் பொன்சி என்பவன் 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் தருவதாகச் சொன்னான். பின்னே வந்தவர்களின் பணத்தை எடுத்து, முன்னே வந்தவர்களுக்கு இலாபமென்று கொடுத்தான். புதியவர்களின் வரவைக் கொண்டே நின்ற அந்தக் கட்டடம் சில மாதங்களில் சரிந்தது. அவன் காலத்தோடு அவ்வித்தை ஒழிந்துவிடவில்லை. நம் நாட்டில் 1990களில் தனியார் நிதி நிறுவனங்கள் பல கவிழ்ந்து, 1997ஆம் ஆண்டில் முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அதன் பின்னரும், ஈமு கோழி வளர்த்தால் மாதந்தோறும் பணம் என்னும் பேச்சை நம்பியோர் பலர், 2012ஆம் ஆண்டில் ஈரோடு வட்டாரத்தில் ஆதாயத்தோடு முதலையும் இழந்தனர்.

பெரும்பெயரும் போதுமான காவலன்று. சென்னையில் பெயர்பெற்று விளங்கிய அர்பத்நாட் நிறுவனம் 1906ஆம் ஆண்டில் முறிந்து, ஓய்வுபெற்றோர், கைம்பெண்டிர் எனப் பலருடைய சேமிப்பையும் விழுங்கியது. அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, 1907ஆம் ஆண்டில் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர். பிற்காலத்தில், 1962ஆம் ஆண்டில் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடும் வந்தது. ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வைப்புக்கு 1,500 ரூபாய் வரை என்று தொடங்கிய அக்காப்பு, 2020ஆம் ஆண்டில் 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பெற்றது. ஆகவே பணத்தைப் போடுமுன், ‘எவ்வளவு வட்டி’ என்பதற்கு முன்னர், ‘இதற்கு யார் காப்பு’ என்று கேட்டல் நன்று.

மாணவர்களே, நீங்கள் இன்றே செய்யத்தக்கவை சிலவே. வரவையும் செலவையும் ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுங்கள். கிடைக்கும் தொகையில் ஒரு பகுதியைச் செலவுக்கு முன்னரே ஒதுக்குங்கள். மழைநாளுக்கென ஒதுக்கிய சிறு பணம் கையில் இருந்திருந்தால், அந்தக் காய்கறி வியாபாரி இரண்டாவது தண்டலை நாடியிருக்க மாட்டார். நண்பருக்காகவேனும் உறவினருக்காகவேனும் பிணைக் கையெழுத்து இடுமுன், அக்கடன் முழுவதையும் நீங்களே கட்ட நேரும் என்பதை உணருங்கள். ‘இன்றே முடிவு செய்யுங்கள், நாளை கிடைக்காது’ என்று அவசரப்படுத்துவோரிடம், ‘நாளை வருகின்றேன்’ என்று சொல்லி வீட்டிற்கு வாருங்கள்.

வந்து, ஒரு தாளை எடுத்து, வீதத்தையும் காலத்தையும் தொகையையும் எழுதிக் கணக்கிட்டுப் பாருங்கள். அதற்குக் கால் மணி நேரம் போதும். தேர்வில் இக்கணக்குத் தவறினால் போவது ஐந்து மதிப்பெண். வாழ்க்கையில் தவறினால் ஒரு பிள்ளையின் படிப்பே போகக்கூடும்.