உண்ணிச்செடி – அழகா, ஆபத்தா?

மஞ்சளும் சிவப்பும் இளஞ்சிவப்பும் ஒரே கொத்தில் கலந்து சிரிக்கும் பூ, உண்ணிப்பூ. வீட்டு வேலிகளிலும் பூங்காக்களிலும் மலைச் சாலை ஓரங்களிலும் இதனைக் காணாதவர் இலர். ஆயினும் 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்னும் பழமொழி இச்செடிக்கு மிகவும் பொருந்தும்.

உண்ணிச்செடியின் தாயகம் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதி. தாவரவியலார் இதனை 'லாண்டானா கமரா' என்பர். பூவின் அழகில் மயங்கிய ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் இதனைத் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவிற்கு வந்தது. விருந்தாளியாக வந்த செடி, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வீட்டுக்காரனைப்போல் அமர்ந்துவிட்டது. நம் நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பரப்பில் இது பரவியுள்ளதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

தோட்டத்துச் செடி காட்டுக்குள் எவ்வாறு சென்றது? இதன் சிறிய கருநிறப் பழங்களை மைனாவும் கொண்டைக்குருவியும் விரும்பி உண்கின்றன. விதைகளைத் தொலைவில் எச்சமாக இடுகின்றன. வெட்டினாலோ, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இலையும் வேரும் வெளியிடும் பொருள்கள் அருகிலுள்ள செடிகளை வளரவிடாமல் தடுக்கின்றன. புதர் அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லையேல் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் உணவேது? கோடையில் காய்ந்த புதர்கள் காட்டுத் தீக்கு விறகாகின்றன.

ஆடு மாடுகளும் தப்புவதில்லை. தீவனம் இல்லாத காலத்தில் பசியால் இவ்விலையை மேயும் மாட்டின் கல்லீரல் கெடும். பின்னர் வெயில் பட்ட தோல் வெந்து புண்ணாகும். ஒரே பசுவை நம்பி வாழும் ஏழைக் குடும்பத்திற்கு இது பேரிழப்பு அன்றோ?

'வண்ணத்துப்பூச்சிகள் இப்பூவில் தேன் உண்கின்றனவே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவை முட்டையிடவும், புழுக்கள் உண்ணவும் நம் மண்ணின் செடிகளே பெரும்பாலும் தேவை. தேனுக்கு வெட்சிப்பூ போதாதா?

வள்ளுவப் பெருந்தகை முள்மரத்தை இளையதாய் இருக்கும்போதே களையச் சொன்னார். நற்செய்தியில் வரும் உவமையிலோ, களையைப் பறிக்கையில் கோதுமையும் பிடுங்கப்படலாம் என நிலக்கிழார் தம் பணியாளரைத் தடுத்தார். உண்ணிச்செடிக்கு இவ்விரு அறிவுரைகளும் தேவை. காய்க்கும் முன்னரே இதனை நீக்க வேண்டும். அருகிலுள்ள நம் நாட்டு நாற்றுகளுக்கு ஊறு நேராமலும் நீக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டாமல், மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை அறுத்துச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்தினால் மீண்டும் துளிர்க்காது. வெற்றிடத்தில் உடனே வேறு செடிகளை நடாவிட்டால் விதைகள் மறுபடி முளைத்துவிடும்.

தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றிய தண்டும் வீணாவதில்லை. நீலகிரிப் பழங்குடி மக்கள் அதனைக் கொண்டு உயிருள்ளவை போன்ற யானை உருவங்களைச் செய்கின்றனர். அவை 2021-இல் இலண்டன் பூங்காக்களை அலங்கரித்தன. யானையின் உணவைப் பறித்த செடியே யானையாக உருவெடுத்தது வியப்பே!

அன்புத் தோழியரே, பெற்றோரே! காட்டைக் காப்பது அரசின் கடமை மட்டும் அன்று. நம் வீட்டு வேலியிலும் அது தொடங்குகிறது. மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு இதில் பொறுப்பு அதிகம். வேலிக்கு ஆடு தொடாத ஆடாதோடையும், கைக்கு அழகு தரும் மருதாணியும், கண்ணுக்கு இனிய வெட்சியும் இருக்கின்றன. இறைவன் நம் மண்ணுக்கு அளித்த இச்செடிகளை நட்டு வளர்ப்போம். காட்டு உயிர்களையும் வாழ வைப்போம்!

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி