வீடு மாறும் நோயாளியும் சங்கத்தின் கடமையும்

வீடு மாறுதல் எவர்க்கும் தொல்லை தருவதே. நாட்பட்ட நோயுடன் வாழ்வோர்க்கோ அஃது ஆபத்துமாகும். பண்டங்களை வண்டியில் ஏற்றுங்கால் நோயும் உடன் வருகிறது. மருந்து மட்டும் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. இதனைத் தடுப்பது எங்ஙனம் என்பதை அங்கத்தினர் நலங்கருதி ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

நம் பள்ளத்தாக்கில் இடம்பெயர்வோர் பலர். ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் தறி நெய்வோர் பலர் வாடகை வீட்டினர். ஆடியும் மார்கழியும் கழிந்து ஆவணியிலும் தையிலுமே அவர்கள் வீடு மாறுவர். போடி, கம்பம் பகுதியினர் ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் இடுக்கி மலைக்குச் சென்று சில மாதங்கள் தங்குவதும் உண்டு.

சங்கமொன்றின் ஏடுகளை நாம் பார்வையிட்டபோது, மாதந்தவறாது சேலை ஒப்படைத்து வந்த அங்கத்தினர் ஒருவர் பெயரில் மூன்று மாத நூல் பாக்கி நின்றது கண்டோம். அவருக்கு அறிவிப்பும் அனுப்பப்பட்டிருந்தது. விசாரித்ததில், காசநோய்ச் சிகிச்சையின் இரண்டாம் மாதத்தில் அவர் வீடு மாறினார் என்பதும், புதிய இடத்தில் எங்கு மருந்து பெறுவது என அறியாமல் நிறுத்திவிட்டார் என்பதும் தெரியவந்தன. மீண்டும் இருமல் கண்டு தறியில் அமர வலுவின்றிப் போயிற்று. அவரது பாக்கியின் காரணம் நாணயக் குறைவன்று; மருந்து விடுபட்டமையே.

காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்குக் காட்டியது நம் சென்னையே. 1956-இல் அங்கு நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், வீட்டில் ஓராண்டு மருந்துண்டோரையும் மருத்துவ விடுதியில் தங்கி உண்டோரையும் ஒப்பிட்டு 1959-இல் முடிவை வெளியிட்டது. இருசாராரும் ஏறக்குறைய ஒரேயளவில் நலம் பெற்றனர். ஆயின் மருந்து இடையறாது உண்ணப்படல் வேண்டும். இடையில் விட்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காத் தன்மை பெறக்கூடும். சாதாரணக் காசநோய்க்கு இன்று ஆறு மாதச் சிகிச்சை போதுமானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ‘நிக்ஷய்’ பதிவு எண் உண்டு. புறப்படுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிய முகவரியைக் கூறினால் சிகிச்சையைப் புதிய ஊருக்கு மாற்றித் தருவர். 2018 முதல் மாதம் 500 ரூபாயாக வழங்கப்பெற்று, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊட்டச்சத்து உதவியும் இப்பதிவைப் பொறுத்ததே.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோர்க்கு 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. வீடு எதுவென அறிந்தால்தானே வரும்! ஆதலின் பழைய ஊர்ப் பணியாளரிடம் சொல்லிப் புறப்படுக. புதிய ஊரில் சென்றவுடன் பதிந்துகொள்க. ஒரு மாத மருந்தை முன்னரே பெறுதல் நன்று. இன்சுலின் புட்டியை வெயிலில் நிற்கும் லாரியில் ஏற்றலாகாது. கைப்பையில் கொண்டு செல்க. பனிக்கட்டியின்மேல் நேரே வைப்பினும் உறைந்து கெடும். இடிபாடும் ஆணியும் கிடக்குமிடத்தில் நீரிழிவாளர் வெறுங்காலுடன் சுமை தூக்குதல் கூடாது. உணர்ச்சி குன்றிய காலில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகிவிடும்.

ஈளை நோயினர் பழம்பரண் தூசியைத் தட்டுவதும், வெள்ளையடித்த வாடை அடங்குமுன் குடிபுகுவதும் தீது. புதிய வீட்டில் குழித்தறி இறக்குவோர், மண் ஈரம் உலர்ந்து காற்றோட்டம் அமைந்தபின் தறியில் அமர்தல் வேண்டும்.

வேலையை முறைப்படுத்தினாலும் உடல் பிழைக்கும். பாவு முடிந்து துணி அறுத்தபின் தறியைக் கழற்றுவதென நாள் குறித்தால், நெய்யும் பாவு கெடாது. விழுதும் அச்சும் பதற்றமின்றிக் கட்டப்படும். மருந்துச் சீட்டு, பரிசோதனைத் தாள், குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் இட்டு நோயாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும். குடும்ப அட்டை முகவரி மாற்றத்தைத் தாமதிக்கலாகாது. கைத்தறிக்குரிய கட்டணமில்லா மின்சாரம் 2023-இல் இரு மாதத்திற்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய வீட்டு மின் இணைப்புக்கு அச்சலுகையைப் பெறச் சங்கத்தின் வழியே முன்னரே முயல்க.

இனிச் சங்கத்தின் கடமை யாது? முகவரி மாற்றம் கேட்டு வரும் அங்கத்தினரிடம், “வீட்டில் மருந்துண்பவர் உண்டா?” என ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவில்லை. நோயாளி வீடு மாறும் மாதத்தில், துணைவிதிகளுக்கு உட்பட்டு நூல் கணக்கிற்குத் தவணை நீட்டிக்கலாம். தறி மரத்தைத் தூக்க நான்கு அங்கத்தினர் ஒரு காலைப் பொழுது கை கொடுத்தால், நோயாளியின் தோளில் சுமை ஏறாது. பாக்கியை வசூலிப்பதைக் காட்டிலும் பாக்கி நேராமற் காப்பதே சிக்கனம். நெய்பவர் நலமாயிருந்தாலன்றோ தறி ஓடும். தறி ஓடினாலன்றோ சங்கம் வாழும்! வரும் தை மாதத்திற்குள் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் இப்பொருளைத் தன் கூட்டத்தில் எடுத்துப் பேசுமாக.