மிளகாய் விதையும் நாற்பது நாள் நாற்றும்

மெக்சிகோவை உள்ளடக்கிய நிலப்பரப்பில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரையை அடைந்த மிளகாய், கத்தரியும் தக்காளியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. சம்பா, முண்டு, காரமற்ற குடமிளகாய் ஆகிய அனைத்தும் காப்சிகம் ஆனுவம் என்னும் ஒரே இனத்தின் வகைகளே. நாற்றுப் பண்ணையில் கன்று வாங்கி நடுவது எளிதுதான். ஆயினும் விரும்பிய வகையை வளர்க்க நினைப்பவர் விதையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சமையலுக்கு வாங்கிய பச்சை மிளகாயின் விதை முற்றாதது என்பதால் பெரும்பாலும் முளைப்பதில்லை. செடியிலேயே சிவந்து பழுத்த பழத்தின் விதையே ஏற்றது. காரம் முழுவதும் விதையில் இருப்பதாகப் பலர் கருதுவது பிழை; காரத்துக்குக் காரணமான காப்சைசின் என்னும் வேதிப்பொருள், விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் திசுவில்தான் உருவாகிறது. பாலூட்டிகளின் நரம்பில் வெப்பத்தை உணரும் புரதம் ஒன்றை இப்பொருள் தூண்டுவதாலேயே எரிச்சல் தோன்றுகிறது. 1997இல் அப்புரதத்தை அடையாளங்கண்ட டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரிவதில்லை; பழத்தை விழுங்கும் பறவை விதையைச் சிதைக்காமல் வேறிடத்தில் எச்சமிடுவதால், காட்டு மிளகாய் பரவுவதற்கு அதுவே துணையாகிறது.

மண்ணின் வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கையில் விதை ஒன்றிரண்டு வாரங்களில் முளைக்கும். 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முளைப்பு ஏறக்குறைய நின்றுவிடும். தென்னை நார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் கலந்து குழித்தட்டில் நிரப்பி, விதையை அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மூடினால் போதும். முளைத்தபின் வெளிச்சம் குறைந்தால் தண்டு நீண்டு மெலியும்.

இப்பருவத்தில் நாற்றுகள் மடிவதற்குப் பெரும்பாலும் நீர்ப் பஞ்சத்தைவிட நீர் மிகுதியே காரணமாகிறது. ஈரம் வடியாத மண்ணில் பித்தியம் முதலிய பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் பெருகி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தை அழுகச் செய்ய, முதல்நாள் நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் சாய்ந்து கிடக்கும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். நெருக்கமாக விதைக்காமலும், மேல்மண் சற்று உலர்ந்தபின் பூவாளியால் காலையில் நீர் தெளித்தும் வந்தால், மருந்தின் உதவியின்றியே இந்நோயைப் பெரிதும் தடுக்கலாம்.

ஏறத்தாழ 40 நாள் வயதான நாற்றை, நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைக் குறைத்தும் வெயிலைக் கூட்டியும் பழக்கியபின், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் இடைவெளியில் மாலை நேரத்தில் நட வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளி இட்டால் இலை செழிக்குமே தவிரப் பூ குறையும். கோடை உச்சத்தில் பூ உதிர்வதோ வெப்பத்தின் விளைவு, அதற்கு உரம் மாற்றிப் பயனில்லை.

வீட்டுத் தோட்டக்காரரைப் பெரிதும் வருத்துவது இலைச் சுருட்டல். இலையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் சாறு உறிஞ்சும் இலைப்பேனையும், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிலந்திப்பேனையும் ஐயுறலாம். தொடக்க நிலையில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பது இரண்டையும் ஓரளவு அடக்கும். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி தொற்றிச் செடி குறுகிப் போயிருந்தால், அதற்கு மருந்தில்லை. இரக்கம் பாராமல் அச்செடியைப் பிடுங்கி அகற்றுவதே மற்றவற்றைக் காக்கும்.

மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுமெனினும், தேனீக்கள் அயல்செடியின் மகரந்தத்தையும் கொண்டுவருவதால், குடமிளகாயின் அருகில் வளர்ந்த சம்பாவின் விதை சம்பாவாகவே வளரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே விதைக்கென ஒதுக்கும் கிளையின் மொட்டுகளை மலருமுன் மெல்லிய துணிப்பையால் மூடி, பிஞ்சு பிடித்ததும் பையை நீக்கி, காம்பில் நூல் கட்டி அடையாளமிட்டு, பழம் முழுதும் சிவந்தபின் பறித்து விதையை நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாத புட்டியில் வைப்பதே தக்க முறை. கையுறை அணிந்து விதை எடுப்பது கண்ணுக்கு நல்லது.