உங்களுக்குத் தெரியுமா? ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகிறவர்கள் யார்?

★ பக்கவாதம் வந்தவர் மறுபடி சட்டைப் பொத்தான் போடவும், மூளை முடக்குவாதமுள்ள குழந்தை தானே சோறு அள்ளி உண்ணவும் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 1917-இல் அமெரிக்காவில் இத்துறைக்கு முதல் சங்கம் கண்டவர்களில் ஒரே ஒருவர்தான் மருத்துவர். இருவர் கட்டடக் கலைஞர்கள், ஒருவர் கைவினை ஆசிரியை.

★ முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயிற்சி தரப் பெண்களே பெருமளவில் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் இன்றும் இத்துறையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

★ இந்தியாவில் இந்தப் படிப்பு 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே தங்கியவர்.

★ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன் லண்டனில் கட்டட வேலையும் தச்சும் கற்றவர். நிமிர்ந்த விரலுக்கு வேலை கொடுக்காவிட்டால் பயனில்லை என்று, நோயாளிகளுக்கு மரப்பொம்மை செய்யப் பழக்கினார். அவருடைய தாயார் எவலின் பிராண்ட், முதுமையிலும் மலைமலையாக ஏறி மருந்து கொடுத்தவர். அந்த மலைகளில் நம் கல்வராயனும் ஒன்று. இந்தத் தாயையும் மகனையும் பற்றி நம் கள்ளக்குறிச்சி மாவட்டப் பள்ளிகளில் பேச வேண்டும்.

★ தொடக்க காலத்தில் இப்படிப்பில் நெசவு, கூடை முடைதல், மரவேலை எல்லாம் பாடங்கள். மரவேலை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல; கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

★ தமிழ்நாட்டில் ஆக்குபேஷனல் தெரபிக்கான பி.ஓ.டி. பட்டம் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் சேரலாம். பயிற்சிக் காலம் உட்பட நான்கரை ஆண்டு என்பதே நெடுங்கால நடைமுறையாக இருந்தது. அமெரிக்காவிலோ 2007 முதல் புதிதாக வருகிறவர்களுக்கு முதுகலைப் படிப்பு கட்டாயம்.

★ கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளியே தாமதமாகத்தான் எட்டியது. நர்சிங் என்றால் அவர்களுக்குத் தெரியும், பி.ஓ.டி. என்ற பெயரையும் அங்குள்ள வெள்ளிமலை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு நோயாளியின் வீட்டில் அடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மரவள்ளி பிடுங்கக் கையில் எவ்வளவு பிடி வேண்டும் என்று பார்த்துத்தான் இந்தப் பயிற்சியைத் தர முடியும். மலையிலேயே வளர்ந்தவருக்கு அதெல்லாம் முன்பே தெரியும்.