குதிரைகள் போன பாதையில் சைக்கிள்கள்

கப்பலுக்கும் ரயிலுக்கும் பயன்படாமல் போன ஸ்காட்லாந்தின் பழைய வழிகள் சைக்கிள் பயணிகளிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கட்டிக் காப்பதுதான் இப்போது சவால்.

மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுபவருக்கு முதல் எதிரி ஏற்றம். ஸ்காட்லாந்தில் எதிர்காற்றும் மழையும் அதனோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். அப்படியும் மே மாதம் பிறந்துவிட்டால், பின் சக்கரத்தின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்ட சைக்கிள்கள் எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் வடக்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. மலைகளும் ஏரிகளும் இழுக்கின்றன என்பது பாதிக் காரணம்தான். அந்த மலைகளுக்கிடையே செங்குத்தான ஏற்றம் அதிகமில்லாமல் நெடுந்தூரம் போக வழிகள் இருப்பது மறுபாதி.

வேடிக்கை என்னவென்றால், இந்த வழிகளில் பல சைக்கிளுக்காகப் போடப்பட்டவையே அல்ல. படகை இழுத்த குதிரைகளுக்காக ஒன்று, நீராவி ரயிலுக்காக ஒன்று, கலகக்காரர்களை அடக்க வந்த படைகளுக்காக இன்னொன்று. அந்தப் பழைய வேலைகள் போய்விட்டன. வழிகள் மட்டும் தங்கிவிட்டன.

முதல் வழி எடின்பரோ நகருக்குள்ளேயே தொடங்குகிறது. 1822ல் திறக்கப்பட்ட யூனியன் கால்வாய் அங்கிருந்து ஃபால்கிர்க் வரை 51 கி.மீ. ஓடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 73 மீட்டர் உயரத்தில், நிலத்தின் வளைவுகளை அனுசரித்து வெட்டப்பட்டது. படகை ஒரு தொட்டிக்குள் நிறுத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் மதகுத் தொட்டிகள் இந்தத் தூரம் முழுவதும் தேவைப்படவில்லை. அன்று அதனால் படகுகளுக்கு நேரம் மிச்சமானது. இன்று மிதிப்பவரின் முழங்காலுக்கு லாபம்.

ஃபால்கிர்க்கை நெருங்கும்போது 600 மீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் குறுக்கிடும். தன் மாளிகையிலிருந்து பார்த்தால் கால்வாய் கண்ணில் படக்கூடாது என்று ஒரு நிலப்பிரபு பிடிவாதம் பிடித்ததால் பாறையைக் குடைய வேண்டியதாயிற்று. உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தரை வழுக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே உசிதம்.

ஃபால்கிர்க்கில் 1790ல் திறக்கப்பட்ட இன்னொரு கால்வாயான ஃபோர்த் - கிளைட் வந்து சேர்கிறது. முன்பு இரண்டையும் இணைத்தவை 11 மதகுத் தொட்டிகள். 1933ல் அவை அகற்றப்பட்டன. ரயிலோடும் லாரியோடும் போட்டி போட முடியாமல் ஃபோர்த் - கிளைட் 1963லும், யூனியன் 1965லும் மூடப்பட்டன. எடின்பரோவின் புறநகரான வெஸ்டர் ஹெயில்ஸில் குடியிருப்புகள் எழுந்தபோது கால்வாயைக் குழாய்க்குள் அடக்கி மண்ணை மூடினார்கள்.

மூடியதைத் திறக்க 8.45 கோடி பவுண்டு திட்டம் வந்தது. அதன் மகுடம் 2002 மே மாதம் ராணி எலிசபெத் திறந்து வைத்த ஃபால்கிர்க் சக்கரம். 35 மீட்டர் உயரமுள்ள இந்த ராட்சத இயந்திரம், தண்ணீர்த் தொட்டியோடு படகையும் சேர்த்து 24 மீட்டர் தூக்கி மேல் கால்வாயில் விடுகிறது. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியேற்றிவிடுவதால் இரு முனைத் தொட்டிகளும் எப்போதும் சம எடையில் நிற்கும். எனவே ஒரு முறை படகை ஏற்ற சுமார் 1.5 யூனிட் மின்சாரம் போதும். சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கரையோடு மேற்கே மிதித்தால் கிளாஸ்கோ. எடின்பரோவிலிருந்து மொத்தம் சுமார் 100 கி.மீ.

கிளாஸ்கோவுக்கு வடக்கே ஏரிகளின் ராஜ்யம். ஏரியை ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘லாக்’ என்பார்கள். தேசிய சைக்கிள் பாதைகளில் ஏழாம் எண் கொண்டது இங்கிருந்து லோமண்ட் ஏரியின் தென்முனை, ஆபர்ஃபாயில், கலண்டர் வழியாக இன்வெர்னஸ் வரை போகிறது. சற்று விலகினால் கேட்ரின் ஏரி. கிளாஸ்கோவுக்கு 1859 முதல் குடிநீர் தருவது இதுதான். தண்ணீர் அசுத்தமாகிவிடக்கூடாது என்பதால் வடகரைச் சாலையில் பொது வாகனங்களுக்கு அனுமதியில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் உண்டு.

கலண்டருக்கு அப்பால் ஓபன் நகருக்குப் போன பழைய ரயில் தடத்தின் மீது பாதை ஏறுகிறது. 1965 செப்டம்பரில் கிளென் ஓகில் பள்ளத்தாக்கில் பாறை சரிந்து தடத்தை அடைத்தது. எப்படியும் சில வாரங்களில் மூடப்படவிருந்த தடம், சரிசெய்யப்படாமலே கைவிடப்பட்டது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதற்காக அன்று மெல்ல மெல்ல உயர்த்தப்பட்ட சரிவு, சுமை ஏற்றிய சைக்கிளுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. சரிவின் ஓரத்தில் பன்னிரண்டு வளைவுகள் கொண்ட கல் பாலத்தின் மீது பாதை போகிறது. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் ஊர்கின்றன.

வடக்கே உள்ள கிரேட் கிளென் பள்ளத்தாக்கில்தான் கதை கனக்கிறது. 1715 கலகத்துக்குப் பிறகு ஜெனரல் வேட் இங்கு ராணுவச் சாலைகள் போட்டார். 1746ல் கலோடன் போரில் ஹைலேண்ட்ஸ் குலப்படைகள் தோற்றன. பிறகு வந்த தலைமுறைகளில் நிலப்பிரபுக்கள் ஆடு வளர்ப்பின் லாபத்துக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். பயணி ரசிக்கும் ஆளரவமற்ற பள்ளத்தாக்குகளில் பல இயற்கையாகவே வெறுமையானவை அல்ல. கூரையிழந்த கல் சுவர்கள் அதற்குச் சாட்சி.

மக்கள் கப்பலேறிப் போவதைத் தடுக்க வேலை கொடுக்க வேண்டும் என்று 1802ல் அரசுக்கு எழுதினார் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட். அடுத்த ஆண்டு கலிடோனியன் கால்வாய் வேலை தொடங்கியது. மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைக்கும் 97 கி.மீ. வழியில் சுமார் 35 கி.மீ. மட்டுமே வெட்டப்பட்டது. மீதி எல்லாம் ஏரி. 29 மதகுத் தொட்டிகள் கட்டப்பட்டன. 1822ல் கால்வாய் திறந்தபோது செலவு மதிப்பீட்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆழமோ திட்டமிட்டதைவிடக் குறைவு. அதற்குள் கப்பல்கள் பெருத்துவிட்டன. பெரிய வணிகம் வரவே இல்லை. மக்கள் வெளியேறியதும் நிற்கவில்லை.

வரவு செலவுக் கணக்கில் தோற்ற அந்தக் கால்வாயின் கரை இன்று சைக்கிள் பயணிக்கு ராஜபாட்டை. 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலை பின்னால் நிற்க, பனாவி என்ற ஊரில் எட்டு தொட்டிகள் படிக்கட்டாக ஏறுகின்றன. அங்கிருந்து கெய்ர்லாக்கி வரை சமதளம். லாக்கி ஏரிக்கரையில் காட்டுப் பாதை. ஆய்க் ஏரிக்கரையில் மீண்டும் ஒரு செத்துப்போன ரயில் தடம். ஃபோர்ட் அகஸ்டஸில் இன்னும் ஐந்து தொட்டிகள். அதற்குப் பிறகு 37 கி.மீ. நீளமான நெஸ் ஏரி. இங்கே கரையோரச் சமதளம் கிடையாது. தென்கரையில் வேட் போட்ட சாலை மூச்சு வாங்க வைக்கும். ஏரிப் பூதம் தென்படாவிட்டாலும் ஏற்றம் நிச்சயம் தென்படும்.

போக விரும்புவோர் மே மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பகல் நீளம். கோடை நடுவில் மொய்க்கும் ‘மிட்ஜ்’ என்ற கடிபூச்சிகளின் தொல்லையும் அப்போது குறைவு. ஒற்றைத் தடச் சாலைகளில், பின்னால் வரும் வண்டிக்கு ஒதுங்குமிடத்தில் வழிவிடுவது மரபு. தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்கும் முன்பதிவு தேவை.

பயணிக்குத் துணையாகச் சட்டமும் இருக்கிறது. 2003ம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் தனியார் நிலங்களின் ஊடாகவும் பெரும்பாலான இடங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தந்தது. குடியானவர்களை வெளியேற்றிய நாட்டில் இது சாதாரண மாற்றமல்ல.

ஆனால் உரிமை மட்டும் பாதையைச் செப்பனிடாது. பிரிட்டன் முழுவதற்குமான தேசிய சைக்கிள் பாதைத் திட்டத்துக்கு 1995ல் லாட்டரிப் பணத்திலிருந்து 4.35 கோடி பவுண்டு கிடைத்தது. அதை நடத்திய சஸ்ட்ரான்ஸ் அறக்கட்டளையே 2020ல், போக்குவரத்து மிகுந்த சாலைகளில் ஓடிய ஏறக்குறைய கால் பங்குத் தூரத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியது அல்லது வகை மாற்றியது. குழந்தையை நம்பி அனுப்ப முடியாத சாலையை சைக்கிள் பாதை என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதே அதன் உட்பொருள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பெய்த பேய் மழையில் ஃபால்கிர்க்குக்குக் கிழக்கே யூனியன் கால்வாயின் கரை உடைந்தது. வெள்ளம் கீழே இருந்த எடின்பரோ - கிளாஸ்கோ ரயில் பாதையை அரித்துத் தள்ள, அந்தத் தடத்தில் சுமார் இரண்டு மாதம் ரயில் ஓடவில்லை. இருநூறு ஆண்டுப் பழைய மண் கரையைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பது சைக்கிள் ஓட்டாதவர்களுக்கும் அன்று புரிந்தது. கரையை மறுபடியும் கட்டினார்கள். பாதை திறந்தது.