உங்களுக்குத் தெரியுமா? ஈரக்காற்றிலும் நஞ்சைப் பிடிக்கும் கற்கள்!

மூடி வைக்காத புந்தோங் முறுக்கு நமத்துப் போகிறதல்லவா? காற்றைச் சுத்தப்படுத்தும் கல்லும் அப்படியே நமத்துப் போகும்!

அந்தக் கல்லின் பெயர் ஸியோலைட். அதன் துளை ஒன்றின் அகலம் 1 நானோமீட்டர்கூட இல்லை. நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர்!

1756-இல் ஸ்வீடன்காரர் குரோன்ஸ்டெட் இந்தக் கல்லைத் தீயில் காட்டினார். கல் கொதித்தது! உள்ளே அவ்வளவு தண்ணீர்!

தண்ணீரைக் கண்டால் போதும், ஸியோலைட் நச்சுவாயுவை மறந்துவிடும். நம் ஈப்போ காற்றிலோ வருடம் முழுக்க ஈரம்!

விண்வெளி நிலையத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீரர்கள் மூச்சுவிட்ட காற்றை முதலில் உலர்த்துகிறார்கள். பிறகுதான் ஸியோலைட்டுக்குள் விடுகிறார்கள். அது கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்கிறது. உலர்த்தும்போது உறிஞ்சிய ஈரம் மறுபடி அறைக்கே வந்துவிடுகிறது. ஒரு சொட்டைக்கூட வீணாக்க மனமில்லை!

காலணிப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சக் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறிகிறீர்களா? முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிக்குள் இருந்த சரக்கு அது! ஒரே ஒரு கிராமுக்குள் மடங்கிக் கிடக்கும் பரப்பு சுமார் 700 சதுர மீட்டர்!

கொரோனா காலத்தில், 2021 மே மாதம், ரோமிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் டன் கணக்கில் பறந்து வந்தது ஸியோலைட். எதற்கு? காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க!

இதைக் கேளுங்கள், இதுதான் முத்து! தண்ணீரே பிடிக்காத ஒரு கல்லை 1978-இல் உலகுக்குக் காட்டினார்கள். பெயர் சிலிக்காலைட். ஈரத்தை ஒதுக்கிவிட்டு, பென்சீன் ஆவியை அள்ளிக்கொள்கிறது. இந்த இனத்துக் கற்களைச் சக்கரமாகச் செய்து, கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆலைகளில் சுழல விடுகிறார்கள். வாடை வெளியே போவதற்குள் பிடிபடுகிறது! சிலிக்காலைட் எதனால் ஆனது? வெறும் சிலிக்கா! கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டைகளின் ஓரம் குவிந்து கிடக்கும் மணலில் இருக்கிறதே, அதே சிலிக்கா!

இப்படித் துளையுள்ள பொருள்களுக்கு நோபலும் உண்டு! 2025 வேதியியல் நோபல் பரிசு யாருக்கு? உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துத் துளைப்பொருள் கட்டிய கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும்!

கல்லுமலை முருகனைக் கும்பிடப் போகும்போது அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தக் குன்று சுண்ணாம்புக்கல். இதற்கு ஈரம் எதிரியே இல்லை, கூட்டாளி! பொடியாக்கித் தண்ணீரில் கலக்கி ஆலைப் புகையில் தெளித்தால், கந்தக டை ஆக்சைடை விழுங்கி ஜிப்சமாக மாறிவிடும். கணக்குப்படி, ஒரு டன் சுண்ணாம்புக்கல் பிடிப்பது 640 கிலோ நஞ்சு. கிடைக்கும் ஜிப்சம் 1,720 கிலோ!