பச்சை உறைக்கு அடங்காத நோய்

அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பால்வினைத் தொற்றுகளுக்கான மாத்திரைகளை நிறம் பிரித்த உறைகளில் தருவார்கள். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். பச்சை உறையில் செக்னிடசோல், ஃபுளுகோனசோல் இரண்டும் இருக்கும். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். சிலர் மட்டும் அதே தொல்லையோடு திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்களுக்கு மருந்தை மாற்றும் முன் வீட்டு நிலவரத்தையும் கேட்டாக வேண்டும்.

டிரைக்கோமோனாஸ் போன்ற தொற்று என்றால் கணவரும் மாத்திரை போட வேண்டும். அதைச் சொன்னாலே அடி விழும் வீட்டில், மனைவிக்குக் குணமானாலும் அவரிடமிருந்து தொற்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆணுறைப் பேச்சையே அங்கே எடுக்க முடியாது. கட்டாய உறவில் ஏற்படும் சிராய்ப்பு வழியே கிருமி எளிதில் நுழையும். இந்தியாவில் மணமான 28,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை அலசி 2008இல் வெளியான ஆய்வு, கணவரின் அடிக்கும் பாலியல் வன்முறைக்கும் சேர்ந்து ஆளானவர்களிடம், வன்முறைக்கு ஆளாகாதவர்களைவிட எச்.ஐ.வி. தொற்றுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது.

கிருமியே இல்லாமலும் வெள்ளைப்படுதல் தொல்லை வரும். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுதல் என்று சொன்ன பெண்களிடம் தொற்றைவிட மனச்சோர்வும் குடும்ப நெருக்கடியுமே அழுத்தமாகத் தெரிந்தன.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். தேசிய சராசரி 29. ஆனால் மருத்துவமனைக்குப் போவதே எல்லோருக்கும் எளிதல்ல: சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் அன்றைய கூலி போச்சு. ஆலையிலிருந்து திரும்பினால் அடுப்படி. அவள் வீட்டு வாசல்வரை வரும் சுகாதாரப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர்தான்.

அந்தச் செவிலியர் எப்படிக் கேட்பது? எல்லோரையும் துருவ வேண்டியதில்லை, அறிகுறி இருந்தால் கேளுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. தனியே இருக்கும்போது, "வீட்டுக்காரரு கை நீட்டுறாராம்மா? உனக்கு இஷ்டமில்லாதப்பவும் கட்டாயப்படுத்துறாரா?" என்றால் போதும். வரும் பதிலைக் குறுக்கிடாமல் கேட்டு, தப்பு உன்மேல் இல்லை என்று சொல்லி, இன்று வீட்டுக்குப் போவது பத்திரமா என்று விசாரிக்க வேண்டும். "அனுசரிச்சுப் போ" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை அவள் வாய் திறக்க மாட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி விவகாரம்" என்று ஒதுங்கவும் சட்டம் இடம் தரவில்லை. மனைவியைக் கணவன் வல்லுறவுக்கு ஆளாக்குவதைக் குற்றவியல் சட்டம் இன்னும் குற்றமாகக் கருதாவிட்டாலும், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகவே கணக்கில் கொள்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் உதவி கேட்டு வருபவருக்கு மருத்துவமனை சிகிச்சை தந்தே ஆக வேண்டும். அவள் சம்மதித்தால் மகளிர் உதவி எண் 181க்கோ பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ வழிகாட்டலாம்.

மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 2000இல் தொடங்கிய 'திலாசா' மையம், மருத்துவமனைக்குள்ளேயே ஆலோசகர்களை அமர்த்தி, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களை அணுகச் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. இங்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லித்தரும் பயிற்சியிலேயே இந்தக் கேள்விகளையும் சேர்த்துவிடலாம். அதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ தேவையில்லை.